ஐஸ் ஏற்றாத படகு

சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகைச் சுற்றி எத்தனை காவல் இருக்கிறது என்று எண்ணினால் மலைப்பாக இருக்கும். படகுக்குப் பதிவு எண், மீனவருக்குக் கைரேகை பதித்த அடையாள அட்டை, கரையில் தமிழகக் காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், கடலில் கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பல், அவ்வப்போது 'சாகர் கவச்' என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் தாண்டி காட்டுப்பள்ளி வரை துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் வரிசைகட்டி நிற்கும் கரைக்கு இது தேவைதான். 2008-ல் மும்பையைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில்தான் வந்தார்கள். ஆனால் அந்த அடிக்குப் பிறகு பலப்படுத்திய காவல், உள்ளே வருகிறவனைப் பார்க்கிற காவல். ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றிச் செல்லும் படகோ இங்கிருந்து வெளியே போகிறது, மீனுக்குப் போகும் நூறு படகோடு நூற்றொன்றாக. பத்திரிகைகள் இதை 'ஆள்கடத்தல்' என்று எழுதுகின்றன. யாரையும் கட்டித் தூக்கிப் போவதில்லை. ஏஜென்டுக்குப் பணம் கட்டி அவர்களாகவே ஏறுகிறார்கள். தடுப்பது கடினமாவது அதனால்தான்.

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய படகை எடுத்துக்கொள்வோம். அதில் 157 பேர், சுமார் 50 பேர் குழந்தைகள், பெரும்பாலோர் ஈழத் தமிழர்கள். பதினாறு நாள் கழித்து, 3,500 கிலோமீட்டருக்கும் அப்பால், கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகில் ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல் அவர்களை மறித்தது. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் குடிதண்ணீர் என்றாலே, 20 லிட்டர் கேன்கள் 377 வேண்டும். எஞ்சின் மணிக்குப் பத்து லிட்டர்தான் குடிக்கும் என்று வைத்தாலும் டீசல் 3,840 லிட்டர். அரிசி, அடுப்பு தனி. எல்லாம் கரையில் வாங்கியாக வேண்டிய சரக்கு. வாங்காத சரக்கு ஒன்றும் உண்டு: ஐஸ். நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போகிற படகு ஐஸ் ஏற்றாமல் கிளம்பினால் துறைமுகத்தில் யார் கண்ணிலும் உறுத்தும். 2019 ஜனவரியில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு ஒரு படகு போனது. கரையில் கிடந்த பைகளைப் பார்த்த பிறகுதான் போலீசுக்கு விஷயமே தெரிந்தது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று குடும்பங்களுக்கு இன்றுவரை தெரியாது.

ஆகவே தடுப்பு தொடங்க வேண்டிய இடம் கரை: பழைய படகு கைமாறும் பத்திரம், டீசல் கணக்கு, எஞ்சின் பட்டறை. மீனவருக்கு இன்னொரு தொல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதிகாலையில் வலையோடு கிளம்புகிறவரை இன்னொரு முறை நிறுத்திச் சோதிப்பதில் பயனில்லை. படகு விற்கும்போது வாங்குகிறவர் யார், தொழில் தெரிந்தவரா, பினாமியா என்று பார்த்தால் போதும். சந்தேகம் வந்தால் மீனவர் அழைக்க 1093 என்ற எண் இருக்கிறது. ஆனால் தகவல் சொன்னவரையே ஸ்டேஷனுக்கு அலைய விட்டால் அடுத்த முறை அவர் ஏன் வாய் திறக்கப் போகிறார்?

ஆஸ்திரேலியா கடலிலேயே திருப்பி அனுப்பித்தானே நிறுத்தியது என்பது வலுவான எதிர்வாதம். உண்மைதான், 2013-ல் 20,000 பேருக்கு மேல் படகில் போய் இறங்கிய வரவு அடுத்த ஆண்டு ஏறக்குறைய நின்றுபோனது. அதற்கான விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தவர்கள் அந்த 157 பேர். ஒரு மாதம் போலக் கப்பலில் அடைபட்டு, பிறகு நவ்ரு தீவுக்குப் போனார்கள். அங்கே கதவு சாத்தியதும் கடல்வழியும் மூடிவிடவில்லை, திசைதான் மாறியது. 2021-ல் தென்னிந்தியாவிலிருந்து கனடா போகக் கிளம்பிய 89 தமிழர்கள் இந்தியப் பெருங்கடல் தீவான டியேகோ கார்சியாவில் கரையேறினார்கள். அங்கே அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொல்ல 2024 டிசம்பர் ஆயிற்று. தவிர, ஆஸ்திரேலியா போய்ச் சேரும் நாடு. நாம் புறப்படும் கரை. நம் கடலில் மறித்துத் திருப்பினால் அவர்கள் திரும்பி வருவது இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமுக்குத்தான்.

கரைக்காவலும் பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதி, படகில் ஏற வைக்கும் காரணத்தில் இருக்கிறது. காசிமேட்டிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது புழல் காவாங்கரை முகாம். தமிழகத்தில் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள். 2021-ல் அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியது, நிலை மாறவில்லை. இந்தியாவில் 1987 ஜூலைக்கு முன் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. 1988-ல் முகாமில் பிறந்தவருக்கு, தாய் தந்தையில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், அது இல்லை. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. குடியுரிமை கொடுத்தால் இன்னும் கூட்டம் வரும் என்கிறார்கள். அதற்கு ஒரு தேதி வரம்பு போதும். 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்குத் தண்டனை கிடையாது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசே ஒரு தேதி வைத்து விலக்கு அளித்தது. குடியுரிமைக்கும் அதே தேதியை வைத்துக் கோடு கிழிக்கலாம். அதுவரை காவாங்கரையில் பிறந்து வளர்ந்து பட்டம் வாங்கியவருக்குச் சட்டப்படி விமானம் ஏற இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. ஏஜென்ட் அதைக் கேட்பதில்லை.