பள்ளிக்கூடத் திண்ணையில காத்திருக்கிற அம்மா

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். மேல்புறம் பக்கம் ஒரு சின்ன அரசுத் தொடக்கப்பள்ளின்னு வெச்சுக்கோங்க. ஏழு வயசுப் பையன் ஒருத்தன் சக்கர நாற்காலியில வர்றான். காலையில பதினொரு மணிக்கு அவனுக்கு பாத்ரூம் போகணும். யாரு கூட்டிட்டுப் போவா?

டீச்சர் முன்னால இன்னும் இருபது பிள்ளைங்க இருக்காங்க. அதனால நம்மூர்ல இதுக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: அம்மா. நாள் முழுக்க திண்ணையில காத்திருக்கிற அம்மா. அவங்களால வேற வேலைக்குப் போக முடியாது. இதுக்குச் சம்பளமும் கிடையாது. அம்மாவுக்குக் காய்ச்சல்னா பையனுக்கும் லீவு.

இங்க ரெண்டு வேலைய நாம ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். சிறப்பாசிரியர், பாடத்த அந்தப் பிள்ளைக்கு ஏத்த மாதிரி மாத்திச் சொல்லிக் கொடுக்கப் பயிற்சி எடுத்தவர். இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவும் பண்ணியிருக்கணும். உதவியாளர் வேற. சாப்பிட, நகர, கழிப்பறைக்குப் போக கை கொடுக்கிறவர்.

முதல் வேலைக்கு ஒரு கணக்கு இருக்கு. 2021 அக்டோபர்ல, ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்குல, உச்ச நீதிமன்றம் அத வகுத்து அறிவிக்கச் சொல்லிச்சு. அப்புறம் வந்த கணக்கு இது: தொடக்கப் பள்ளி அளவுல 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதுக்கு மேல 15 பிள்ளைகளுக்கு ஒருத்தர். எத்தன பணியிடம்னு மாநிலங்கள் அறிவிக்கணும்னு 2025 மார்ச்ல மறுபடியும் உத்தரவு வந்துச்சு.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். குமரி மாவட்டத்துல 9 ஒன்றியம். வட்டார வள மையத்துல இருந்து பள்ளி பள்ளியாப் போற சிறப்புப் பயிற்றுநர்கள்தான் இந்த வேலையப் பாக்குறாங்க, அதுவும் தொகுப்பூதியத்துல. ஒரு சின்னப் பள்ளியில இப்படி ரெண்டு பிள்ளைங்க இருந்தா, 10 பேருக்கு அஞ்சு பள்ளி ஆச்சு. வாரத்துல ஒரு பள்ளிக்கு ஒரு நாள். ஆக, இந்தக் கணக்கு அப்படியே நடந்தாலும், மிச்ச நாலு நாள் பதினொரு மணிக்கு அந்தப் பையன் பக்கத்துல யாரும் இல்ல.

உதவியாளர பத்தி சட்டம் என்ன சொல்லுது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 16ஆம் பிரிவுல அந்த வார்த்தை வருது. அதிக உதவி தேவைப்படுற பிள்ளைக்கும், கூட வர்ற உதவியாளருக்கும் போக்குவரத்து வசதி செய்யணும்னு. பள்ளி வாசல்ல இறங்கின பிறகு? எத்தன பிள்ளைக்கு ஒரு உதவியாளர்னு அந்தப் பிரிவுல எண்ணிக்கை கிடையாது.

'அப்போ ஆளுக்கொரு உதவியாளர் போட்டா முடிஞ்சுதுல்ல?' அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. இங்கிலாந்துல 2003 முதல் 2008 வரைக்கும் இதப் பத்தி ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. உதவியாளரோட அதிக நேரம் இருந்த பிள்ளைங்க, படிப்புல மத்தவங்கள விடக் கம்மியாத்தான் முன்னேறினாங்க. காரணம் உதவியாளர்கள் இல்ல, அவங்கள பயன்படுத்தின விதம். 'அவர் பாத்துப்பார்'னு விட்டுட்டதால, டீச்சர் அந்தப் பிள்ளைகிட்டப் பேசுறதே குறைஞ்சு போச்சு.

அதனால ரெண்டு பேரும் வேணும், ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையப் பாக்கணும். சம்பளத்தோட ஒரு உதவியாளர் வந்தா அம்மா வீட்டுக்குப் போலாம், வேலைக்கும் போலாம். ஆனா பாடம் டீச்சர்கிட்ட இருந்துதான் வரணும்.

உங்க ஊர் அரசுப் பள்ளியிலயும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அடுத்த கூட்டத்துல இந்தக் கேள்விய மட்டும் கேக்கச் சொல்லுங்க: "பதினொரு மணிக்கு யாரு கூட்டிட்டுப் போவா?"