வாளின் ஊர் கைப்பிடிக்குள்ளே!

1945-ல் ஜப்பான் சரணடைந்தபோது, அமெரிக்க, பிரிட்டிஷ் வீரர்கள் பலர் ஜப்பானிய ராணுவ வாள்களை ஊருக்கு எடுத்துப்போனார்கள். இன்று பரணில் அப்படியொன்று கிடைத்தால், பேரப்பிள்ளைகளின் முதல் கேள்வி: இது எங்கே செய்தது?

பதில் கைப்பிடிக்குள் இருக்கிறது. மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் கைப்பிடி கழன்றுவிடும். உள்ளே மறைந்திருக்கும் பகுதியில் கொல்லரின் பெயர் வெட்டப்பட்டிருக்கலாம். அருகே 'செகி' என்ற குட்டி முத்திரை இருந்தால், கிஃபு மாகாணத்தின் செகி நகரத்தில் போர்க்காலத்தில் தயாரானது. நட்சத்திரம் என்றால், பெரும்பாலும் ராணுவம் அங்கீகரித்த கொல்லர் பழைய முறைப்படி அடித்தது.

முத்திரையே இல்லாமல் கறுத்துக் கிடந்தால்தான் கவனம் தேவை. அதிகாரிகள் சிலர் பரம்பரை வாளுக்கே ராணுவ உறை மாட்டிப் போருக்குப் போனார்கள். அது பல நூற்றாண்டு பழசாகவும் இருக்கலாம். கைப்பிடிக்குள் இருக்கும் துருவைத் தேய்க்கவே கூடாது. நிபுணர்கள் வயதைக் கணிப்பதே அதை வைத்துத்தான்!