மொழிபெயர்ப்புத் தொழில்: எதில் சிக்கனம், எதில் கூடாது?

காலநிலை மாற்றம் என்றதும் எம்மில் பலருக்குத் தொழிற்சாலைப் புகையும் லொறிப் புகையுமே நினைவுக்கு வருகின்றன. ஒரு மேசை, ஒரு கணினி, இரண்டு அகராதிகள் என்று நடக்கும் மொழிபெயர்ப்பாளரின் தொழிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. ஒன்று, அவர் பாவிக்கும் மின்சாரம், கடதாசி, பயணம். மற்றது, அவர் எழுதும் சொற்கள். முதலாவதில் குறைப்பது இலாபம். இரண்டாவதில் குறைத்தால் அந்த நட்டத்தை எந்தக் கணக்கிலும் ஈடுசெய்ய முடியாது.

வர்த்தகர்களுக்கு இதில் என்ன வேலை? காணி உறுதி, ஒப்பந்தம், கேள்விப்பத்திரம், பொருளின் லேபல் என்று மும்மொழி நாட்டில் வியாபாரம் செய்யும் நாம்தான் இவர்களின் வாடிக்கையாளர்கள். அவர்களுடைய மேசையில் நடக்கும் வீண்விரயத்தில் பாதி எமது கடையில்தான் ஆரம்பமாகிறது.

2022 ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அந்த நாட்களிலும் மொழிபெயர்ப்பு வேலை நின்றுவிடவில்லை. மின்சாரம் இருந்த நேரத்தில் மடிக்கணினியைச் சார்ஜ் செய்து, இல்லாத நேரத்தில் வேலை செய்தார்கள். அச்செடுக்காமல் திரையிலேயே திருத்தினார்கள். பெற்றோல் வரிசையில் நிற்பதை விடத் தொலைபேசியில் பேசி முடிப்பது மேல் என்று கண்டார்கள். நெருக்கடி தணிந்ததும் பழைய பழக்கங்கள் திரும்பிவிட்டன. அன்று வேறு வழியின்றிச் செய்ததை இன்று விரும்பிச் செய்தால் என்ன?

கணக்கைப் பாருங்கள். 150 வொட் மேசைக் கணினி நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் ஓடினால் 1.2 அலகு. மாதத்தில் 25 வேலை நாட்களுக்கு 30 அலகு. 50 வொட் மடிக்கணினி அதே வேலையை 10 அலகில் முடித்துவிடும். 1,000 வொட் இழுக்கும் குளிரூட்டி ஒரு மணித்தியாலம் முழுமையாக இயங்கினால் 1 அலகு. அதைத் தினமும் இரண்டு மணித்தியாலம் நிறுத்தி ஜன்னலைத் திறந்தால் மாதத்திற்கு 50 அலகு வரை மிச்சம். மழை குறைந்த காலத்தில் எமது நீர்மின் உற்பத்தி விழுந்துவிடுகிறது. அந்தப் பற்றாக்குறையை எண்ணெயும் நிலக்கரியும் நிரப்புகின்றன. 900 மெகாவொட் கொண்ட நுரைச்சோலை அனல்மின் நிலையம் எரிப்பது இறக்குமதி நிலக்கரியைத்தான். ஆகவே மிச்சப்படும் அலகு உங்கள் பணப்பையையும் நாட்டின் டொலரையும் ஒருசேரக் காக்கிறது.

கடதாசியும் அப்படித்தான். 500 தாள் கட்டு இரண்டு பக்கமும் அச்சடித்தால் 1,000 பக்கம் தரும். ஆனால், அதைவிடப் பெரிய விரயம் வேறு. ஒப்பந்தத்தின் முதல் வரைவை அனுப்புகிறோம். மறுநாள் இரண்டு வாசகத்தை மாற்றுகிறோம். மூன்றாம் நாள் விலையை மாற்றுகிறோம். ஒவ்வொரு முறையும் மூன்று மொழியிலும் புதிதாக அச்செடுக்கப்படுகிறது. முடிவான பிரதியை ஒரே முறை கொடுத்தால் கடதாசி, டோனர், அவருடைய தூக்கம், உங்கள் பணம் எல்லாமே மிஞ்சும்.

உரைபெயர்ப்பாளர்களுக்கு முக்கியமானது பயணம். ஒரு மணித்தியாலக் கூட்டத்திற்காக ஒருவரை மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு அழைத்தால் போக வர 600 கிலோமீற்றருக்கு மேல். 2020 இல் கொரோனா வந்த பின்னர் இவ்வாறான கூட்டங்களைக் காணொளி மூலம் நடத்தலாம் என்பதைக் கண்டுகொண்டோம். ஆனால், நீதிமன்றத்திலும் வைத்தியசாலையிலும் பேசுபவரின் முகத்தைப் பார்த்து, அருகிலிருந்து கேட்டுச் சொல்வதே பாதுகாப்பானது. அங்கே பயணச் செலவைக் கணக்குப் பார்க்கக் கூடாது. அதேபோல, நீண்ட மாநாட்டில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் இருவராக அமர்ந்து சுமார் அரை மணித்தியாலத்திற்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஒருவர் போதும் என்று சம்பளத்தை மிச்சம் பிடிப்பது சிக்கனமல்ல. களைத்த மூளை தவறு செய்யும்.

இனி இரண்டாவது விடயத்திற்கு வருவோம். எமது செய்திகளில் "சீரற்ற காலநிலை" என்ற வாசகம் அடிக்கடி வருகிறது. உண்மையில் அங்கே சொல்லப்படுவது வானிலை. இன்றைய மழையும் நாளைய காற்றும் வானிலை. ஓரிடத்தின் நீண்டகாலச் சராசரி, வழக்கமாக 30 ஆண்டுகளுடையது, காலநிலை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பாவித்தால், ஒரு நாள் மழை நின்றதும் காலநிலை மாற்றமும் நின்றுவிட்டது என்று பாமரர் நினைப்பதில் வியப்பில்லை.

இது வெறும் சொல் ஆராய்ச்சியல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். சிவப்பு எச்சரிக்கையை "அவதானமாக இருக்கவும்" என்று ஒருவர் மொழிபெயர்த்துவிட்டால் மலையடிவாரத்துக் குடும்பம் அன்றிரவும் வீட்டிலேயே தூங்கும். 2025 நவம்பர் 28 ஆம் திகதி டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது 600 க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். எச்சரிக்கைகள் தமிழில் போதியளவு, உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அப்போது எழுந்தது. மலையகத்தில் தமிழ் பேசுவோர் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம்.

கணினி இப்போது ஒரு நொடியில் மொழிபெயர்த்துத் தருகிறதே என்று சிலர் சொல்வார்கள். அதுவும் இலவசமல்ல. 2024 இல் உலக மின்சாரத்தில் சுமார் 1.5 வீதத்தைத் தரவு மையங்களே எடுத்துக்கொண்டதாகச் சர்வதேச எரிசக்தி முகவரகம் கணக்கிட்டிருக்கிறது. சாதாரணக் கடிதத்திற்கு அதன் உதவியைப் பெறலாம். எச்சரிக்கை, மருந்துச் சீட்டு, ஒப்பந்தம் ஆகியவற்றை அறிந்த ஒருவரின் கண் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணுக்குக் கொடுக்கும் கூலியை வெட்டக் கூடாது.

எனவே, அடுத்த முறை மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது முடிவான பிரதியைக் கொண்டு செல்லுங்கள். மின்னஞ்சலில் அனுப்புங்கள். தேவையான பிரதிகளை மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். "இன்று பின்னேரமே வேண்டும்" என்று நெருக்காமல் இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். உங்கள் கடையும் களஞ்சியமும் வெள்ளம் வரும் இடத்தில் இருந்தால், எச்சரிக்கை எந்த மொழியில் வருகிறது, அதை ஊழியர்கள் எல்லோரும் விளங்கிக்கொள்கிறார்களா என்று இன்றே விசாரித்துப் பாருங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் கல்லாப்பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். மழை தொடங்கிய பிறகு மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பயனில்லை.