கம்பி வழி இணையம் நின்றுபோனால்…

இரவு ஏழு மணிக்கு இணையவழிக் கணித வகுப்பு. தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ஆசிரியரின் முகம் திரையில் அசையாமல் நின்றுவிட்டது. நானா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மெல்லிய லெப்டொப்பில் நெட் கேபிள் செருகும் துவாரம் கிடையாது. அதனால் அதன் டைப்-சி துவாரத்தில் ஓர் அடப்டர் ஹப்பைச் செருகி, ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அந்த ஹப்பில் பொருத்தித்தான் பாவித்து வந்தோம்.

"என்ன மகள், புதுச் சாமானையும் பழுதாக்கிப்போட்டியா?" என்று கேட்டார் வாப்பா. நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடிந்ததே தவிர, என்ன பழுது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வாப்பா வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி பண்டாரவளைக்குப் போய் இன்னொரு ஹப் வாங்கி வந்தார். அதிலும் இணையம் வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு ராத்தா வந்து பார்த்தார். கேபிளின் நுனியில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தது. அதனால் கேபிள் துவாரத்தில் நிற்காமல் கழன்று கழன்று வந்தது. அவ்வளவுதான் பழுது.

எங்கள் மாவட்டப் பிள்ளைகளுக்கு இணையம் சும்மா கிடைத்த ஒன்றல்ல. பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021ஆம் ஆண்டில், பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலைத் தேடிக் காடு வழியே நடந்து பாறையொன்றில் ஏறிப் படித்தார்கள். லுணுகலைப் பக்கத்தில் மலை உச்சியிலுள்ள மரவீடொன்றுக்குப் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றார்கள். அப்படியிருக்க, வீட்டுக்குள்ளேயே கம்பி வழியாக வந்து சேரும் இணையத்தைச் சிறு பழுதுக்காக நாம் இழக்கலாமா? ராத்தா அன்று சொல்லித் தந்த வழியை மற்ற மாணவிகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இணையம் நம்மிடம் வர நான்கு இடங்களைக் கடக்கிறது: ரவுட்டர், கேபிள், ஹப், லெப்டொப். பழுது இவற்றில் ஏதோ ஓரிடத்தில் இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றிப் பூட்டினால், சரிவந்தாலும் எது பழுது என்று தெரியாது.

1. ரவுட்டர்
கைத்தொலைபேசியின் டேட்டாவை நிறுத்திவிட்டு, அதே ரவுட்டரின் வைஃபையில் இணைத்துப் பாருங்கள். தொலைபேசியிலும் இணையம் வரவில்லையென்றால் ஹப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ரவுட்டரை நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். ஃபைபர் இணைப்பாக இருந்து சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பழுது வெளி லைனில் இருக்கக்கூடும். இணைப்புத் தந்த நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும்.

2. கேபிள்
தொலைபேசியில் இணையம் வருகிறது, லெப்டொப்பில் மட்டும் வரவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். இரு நுனிகளையும் கழற்றி, 'டிக்' என்ற சத்தம் கேட்கும்படி செருகுங்கள். ரவுட்டரிலும் பெரும்பாலான ஹப்களிலும் நெட் துவாரத்தின் பக்கத்தில் சிறு விளக்கு இருக்கும். கேபிள் சரியாகப் பொருந்தினால் அது எரியும். எரியாவிட்டால் ரவுட்டரின் வேறொரு துவாரத்தில் போட்டுப் பாருங்கள். பிறகு வேறொரு கேபிளை இரவல் வாங்கிச் சோதியுங்கள்.

இந்தக் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு சோடிகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஆகவே உள்ளே ஒரு கம்பி அறுந்தாலும் சிலவேளை இணையம் வரும், ஆனால் வேகம் குறைந்துவிடும். கதவிடுக்கில் நசிபடும் கேபிளுக்கும் கூர்மையாக மடிக்கப்படும் கேபிளுக்கும் இந்தக் கதி நேரலாம்.

3. ஹப்
ஹப்பைக் கழற்றி லெப்டொப்பின் வேறொரு துவாரத்தில் நேரடியாகச் செருகுங்கள். பிறகு ஹப்பில் ஒரு மவுஸைப் பொருத்துங்கள். மவுஸும் வேலை செய்யாவிட்டால் ஹப்பில் அல்லது லெப்டொப்பின் துவாரத்தில் பழுது. மவுஸ் வேலை செய்து நெட் மட்டும் வராவிட்டால், ஹப்பின் நெட் பகுதியை இயக்கும் 'டிரைவர்' என்ற மென்பொருள் இல்லாமல் இருக்கலாம். விண்டோஸில் 'டிவைஸ் மெனேஜர்' திறந்து, 'நெட்வர்க் அடப்டர்ஸ்' வரிசையில் மஞ்சள் அடையாளம் ஏதும் உண்டா என்று பாருங்கள். இருந்தால், தொலைபேசியின் ஹொட்ஸ்பொட் மூலம் லெப்டொப்பை இணைத்து, ஹப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

சிலவேளை இணையம் நன்றாக வந்து, சற்று நேரத்தில் தானாக நின்றுவிடும். மின்சாரத்தை மிச்சப்படுத்த லெப்டொப்பே ஹப்பின் நெட் பகுதியை உறங்க வைப்பது இதற்கு ஒரு காரணம். அதே வரிசையில் அடப்டரின் பெயரைத் திறந்தால், பல லெப்டொப்களில் 'பவர் மெனேஜ்மென்ட்' என்ற பகுதி இருக்கும். மின்சாரம் சேமிக்க இதை நிறுத்தலாம் என்ற கட்டத்தில் உள்ள சரி அடையாளத்தை நீக்கிவிடுங்கள்.

4. லெப்டொப்
வைஃபையை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எது வழியாக இணையம் வருகிறது என்று குழம்பிப்போவோம். செட்டிங்ஸில் 'நெட்வர்க்', அதற்குள் 'ஈதர்நெட்' என்பதைத் திறந்து, ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி கொடுக்காததால் லெப்டொப் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். மறுபடியும் கேபிளையும் ரவுட்டரையும் சோதிக்க வேண்டும். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் 192.168 என்று தொடங்கும் முகவரியையே கொடுக்கும். அது வந்துவிட்டால் கேபிளும் ஹப்பும் தம் வேலையைச் செய்கின்றன. அப்போதும் தளங்கள் திறக்காவிட்டால் லெப்டொப்பையும் ரவுட்டரையும் ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். விபிஎன் போட்டிருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள்.

எங்கள் மலைப்பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கை. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். மின்னல் மின்கம்பி வழியாகவும் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வந்து ரவுட்டரையும், கேபிள் வழியே ஹப்பையும் லெப்டொப்பையும் எரித்துவிடக்கூடும். வானம் இருண்டு வரும்போதே எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு எதையும் தொடாதீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை எதையோ உடைத்துவிட்டாள் என்று முடிவு கட்டுவதற்கு முன்னும், புதிது வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னும், கால் மணி நேரம் அவளோடு உட்கார்ந்து இந்த நான்கையும் பாருங்கள். ஏச்சுக்குப் பயந்த பிள்ளை அடுத்த முறை பழுதைச் சொல்லமாட்டாள். வகுப்பைத்தான் இழப்பாள்.

போன மாதமும் எங்கள் வீட்டில் இணையம் நின்றது. வாப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "எந்த விளக்கு எரியுது மகள்?"