பழைய கம்ப்யூட்டருக்கும் ஏன் 'மல்டி பிராசஸர்' கெர்னல்?

சென்னை தரமணி டைடல் பார்க்கில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸுக்கு அடித்தளம் டெபியன். கம்ப்யூட்டரின் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் கெர்னலை டெபியன் முன்பு இரண்டு விதமாகத் தந்தது: ஒரு பிராசஸருக்கு ஒன்று, பல பிராசஸர்களுக்கு (எஸ்எம்பி) இன்னொன்று. மாற்றி இன்ஸ்டால் பண்ணினால் இரண்டாவது பிராசஸர் சும்மாவே கிடக்கும்.

2007-ல் வந்த 'எட்ச்' பதிப்பில், 686 ரகத்துக்கு எஸ்எம்பியே டீஃபால்ட் ஆனது.

அப்போ பழைய மெஷின் ஸ்லோ ஆகிடாதா? பெரிதாக இல்லை. பூட் ஆகும்போது ஒரே பிராசஸர்தான் என்று தெரிந்தால், பிராசஸர்கள் மோதிக்கொள்ளாமல் தடுக்கும் 'லாக்' கட்டளைகளை கெர்னலே செயலிழக்க வைத்துவிடும். மெமரி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

கணக்கு சிம்பிள். இந்தப் பக்கம் தப்பினால் சில்லறை நஷ்டம். அந்தப் பக்கம் தப்பினால் பாதி சக்தியே வீண். பெரும்பாலானோர் டீஃபால்ட்டை மாற்றுவதே இல்லை என்பதால், நஷ்டம் குறைவான பக்கமே டீஃபால்ட்டாக இருப்பது நல்லது.