வளையத்தை உடைக்கும் கிருமி

மாத்திரை போட்டும் நீர்க்கடுப்பு விடாவிட்டால், "மாத்திரையில பவர் பத்தல" என்று தோட்டத்தில் சொல்வார்கள். பல நேரம் குறை மருந்தில் இல்லை, அக்கா. கிருமி அதை உடைத்துவிடுகிறது. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நீர்க்கடுப்பைத் தருவது பெரும்பாலும் ஈ.கோலை. நம் குடலிலேயே குடியிருக்கும் கிருமிதான். பென்சிலின் வகை மருந்துகளில் நான்கே அணுக்கள் கொண்ட ஒரு சின்ன வளையம் உண்டு. மருந்தின் வேலையெல்லாம் அதை நம்பித்தான். சில ஈ.கோலைகள் பீட்டா லக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து அந்த வளையத்தைத் திறந்துவிடும். கொழுந்து கிள்ளும் விரல்போல, ஒன்றை முடித்ததும் அடுத்ததற்குப் போய்விடும்.

பென்சிலின் கடைக்கு வருமுன்பே, 1940இல், ஒக்ஸ்பர்டில் ஆபிரகாமும் செயினும் ஈ.கோலையில் இப்படியொரு நொதி இருப்பதை எழுதிவிட்டார்கள். பிறகு செபலோஸ்போரின் மருந்துகள் வந்தன. அவற்றையும் உடைக்கும் நொதிகள் 1983இல் ஜெர்மனியில் பதிவாயின. இவற்றைத்தான் டொக்டர்மார் 'ஈ.எஸ்.பி.எல்.' என்கிறார்கள். அந்த நொதியைச் செய்யவைக்கும் மரபணுவை ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கொடுக்கும். வேறு மருந்துகளை எதிர்க்கும் வித்தையும் பல சமயம் கூடவே போகும்.

ஆய்வுகூடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிருமி பரப்பிய தட்டில் மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைப்பார்கள். மறுநாள், மருந்து வேலை செய்த வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் இருக்கும். கிளவுலானிக் அமிலம் நொதியைக் கட்டிப்போடும். அது சேர்ந்த வில்லையின் பக்கம் செபலோஸ்போரின் வட்டம் நீண்டு விரிந்தால், ஈ.எஸ்.பி.எல். பிடிபட்டது.

மலையில் கக்கூசு கிடையாது என்பதால் தண்ணீர் குடிக்காமல், பகல் முழுக்க அடக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால், அது அவள் குற்றமில்லை. கொழுந்து நிரைக்குப் பக்கத்தில் கக்கூசு கட்டுவதும் மருத்துவம்தான் என்று துரைமாரிடம் கேட்கவேண்டும்.

அடுத்த முறை, பக்கத்து லயத்தில் மிஞ்சிய மாத்திரையை வாங்கிப் போடுமுன், ஆஸ்பத்திரியில் சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு, கொடுங்கள். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கவேண்டும். நைட்ரோபியூரன்டொயின் மாத்திரையில் அந்த வளையமே இல்லை; சிறுநீர்ப்பையோடு நிற்கும் நோய்க்கு அது பலருக்கு இன்னும் கேட்கிறது. குளிர்காய்ச்சலோ விலாவலியோ இருந்தாலும், வயிற்றில் பிள்ளை இருந்தாலும் அந்தி வரை பொறுக்கவேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள்.