காரணம் கழன்ற கோபம்

2025 மார்ச் 30, குவாஹாட்டி. ராஜஸ்தான் ராயல்ஸுக்கு எதிராகக் கடைசி ஓவரில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு 20 ரன் தேவை. சந்தீப் சர்மாவின் பந்தைத் தோனி தூக்கி அடித்தார். எல்லைக்கோட்டருகே ஹெட்மயர் பிடித்துவிட்டார். உடனே கேமரா ரசிகர் பக்கம் திரும்பியது. சென்னை ரசிகையான ஓர் இளம்பெண், எதிரே நிற்பவரைப் பிடித்து நெரிக்கப் போவதுபோல் கையை நீட்டி, விரல்களை மடக்கி, அப்படியே அடக்கிக்கொண்டார். சில நொடிதான். சென்னை 6 ரன்னில் தோற்றது. அந்தச் சில நொடியோ நாடெங்கும் மீம் ஆகிவிட்டது.

கூட்டத்தில் சென்னை ரசிகர்கள் அத்தனை பேரும்தான் வருந்தினார்கள். இவர் மட்டும் ஏன் மீம் ஆனார்? 2012இல் ஹில்லெல் அவியேசரும் சக ஆய்வாளர்களும் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு ஒரு தடயம் தருகிறது. டென்னிஸ் வீரர்கள் புள்ளியை வென்ற கணத்திலும் இழந்த கணத்திலும் எடுக்கப்பட்ட படங்களை அதில் பயன்படுத்தினார்கள். முகத்தை மட்டும் காட்டியபோது, வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. உடலைக் காட்டியதும் சொல்லிவிட்டார்கள். உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது முகம் குழப்பும். உடல்தான் தெளிவாகப் பேசும். குவாஹாட்டியில் பேசியது அந்தக் கை.

ஆனால் கை கோபத்தைத்தான் சொல்லும், எதன்மேல் என்று சொல்லாது. வீடியோவை ஆட்டத்திலிருந்து வெட்டியெடுத்ததும் காரணத்தின் இடம் காலியாகிறது. அந்த இடத்தில் யாரும் தம் காரணத்தை வைக்கலாம். கடப்பாக்கம் கடற்கரையில் மீனவர் ஒருவர் அதன்மேல் ‘விடியக்காலம் போய் வலை இழுத்தா, பூரா சொறிமீன்’ என்று எழுதி வாட்ஸ்அப்பில் போட்டால் போதும். கிரிக்கெட்டே பார்க்காத மீனவருக்கும் விளக்கம் வேண்டாம். இப்படி ஒவ்வொரு கையிலும் வாசகம் மாறுகிறது. நன்றாகப் பொருந்துவது மேலும் பரவுகிறது, பொருந்தாதது அங்கேயே நின்றுவிடுகிறது.

2019 ஜூன் 12 அன்று இங்கிலாந்தின் டான்டனில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்திலும் இதுதான் நடந்தது. ஆஸ்திரேலியாவின் வார்னர் கொடுத்த கேட்ச்சைப் பாகிஸ்தானின் ஆசிப் அலி நழுவவிட்டார். இடுப்பில் இரு கையும் வைத்து வெறித்து நின்ற ரசிகர் ஒருவரின் படம் உலகைச் சுற்றியது. 2021இல் ஹாங்காங்கின் மீம் கண்காட்சியிலும் இடம்பெற்றது. அந்தக் கேட்ச் நழுவியபோது வார்னர் 104, ஆட்டமிழந்தது 107இல். மூன்று ரன் விவகாரம் அது. இன்று அந்தப் படத்தை அனுப்புகிறவர்களில் பலருக்கு அந்த ஆட்டமே தெரியாது. தெரியாததால்தான் அது இன்னும் எல்லோருக்கும் உதவுகிறது.